மைநேட்டா சைட்: வேட்பாளர் சொத்துக் கணக்கு பாக்கறவங்களுக்கு, என் ரேட்டிங் 4/5

எலக்‌ஷன் டைம்ல மட்டும் எல்லாரும் ஷேர் பண்ற சைட் இது, ஆனா பரபரப்பு அடங்கினப்புறம் பொறுமையா உள்ள போய் பாத்தா தான் செம டைம்பாஸ். நடத்தறது ஏடிஆர் (ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம்), 1999ல அகமதாபாத் ஐஐஎம் புரொபசருங்க ஆரம்பிச்ச அமைப்பு. இவங்க போட்ட கேஸ்ல தான் 2002ல சுப்ரீம் கோர்ட், எலக்‌ஷன்ல நிக்கறவங்க சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் கேஸ் எல்லாத்தையும் சொல்லியே ஆகணும்னுச்சு. உடனே அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி அதை நீர்த்துப்போக வைக்கப் பாத்துச்சு, 2003ல கோர்ட் அதையும் தூக்கிப் போட்டுச்சு.

தொகுதிய க்ளிக் பண்ணி ஆளோட பேரை அமுக்குனா, அவர் வேட்புமனுவோட குடுத்த படிவம் 26 அஃபிடவிட்ல (சொத்து, கேஸ் விவரம் சொல்ற உறுதிமொழிப் பத்திரம்) இருக்கறது டேபிளா வருது. அவருக்கு ஒரு பத்தி, மனைவிக்கு ஒண்ணு, டிபெண்டன்ட்ஸுக்கு தனியா. கையில கேஷ், எல்ஐசி, வண்டி, நகை, அப்புறம் நிலம்னா எப்ப வாங்கினது, என்ன விலை, இன்னைக்கு மார்க்கெட் ரேட் என்ன, பரம்பரை சொத்தா இல்லையா வரைக்கும். முன்னாடியும் நின்னவர்னா போன தடவ கணக்கோட கம்பேர் பண்ணலாம், அங்க தான் கூத்தே.

ஒரு ஸ்டார் குறைச்சது சைட்டுக்காக இல்ல, சட்டத்துக்காக. எல்லாம் அவங்களே எழுதிக் குடுக்கறது தானே, பொய் சொன்னா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில் "அல்லது" அபராதம், இல்லன்னா ரெண்டும், அந்த அல்லது போதாதா! அருணாச்சல பிரதேசத்துல ஒரு எம்எல்ஏ ஸ்கூட்டி, ஆம்னி வேன், பைக் மூணையும் காட்டலன்னு ஹைகோர்ட் வெற்றிய ரத்து பண்ணுச்சு, 2024ல சுப்ரீம் கோர்ட் அந்த ரத்து செல்லாதுன்னு சொல்லிருச்சு, அதெல்லாம் ஏற்கனவே வித்ததும் குடுத்ததுமாம், அதோட வீட்டுல இருக்கற ஒவ்வொரு பொருளையும் எழுதணும்னு இல்லயாம், பெரிய மதிப்பு இருந்தா தான் எழுதணுமாம். ஸ்கூட்டி மேட்டர்ல எனக்கும் அது நியாயமா தான் படுது, ஆனா இதையே பிடிச்சுகிட்டு பெரிய ஆளுங்க எதை எதை எல்லாம் விடுவாங்களோ.

பாக்கறவங்க, பக்கத்தோட மேல இருக்கற மொத்தத்தை மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க, கீழ கடன் டேபிள் வரைக்கும் போங்க. யார்கிட்ட எவ்வளவு வாங்கிருக்காங்கன்னு இருக்கும், சில பேருக்கு சொந்த பொண்டாட்டியே கடன் குடுத்திருப்பாங்க.