முதல் பவளமாக ஜோவாவா, மஷ்ரூமா?

போன வாரம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, கடல்நீர் மீன்தொட்டி ஓட ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு, முதல்ல ஜோவா வாங்கட்டுமா, மஷ்ரூம் வாங்கட்டுமா?" என்று கேட்டான். இரண்டும் தொட்டியில் வளர்க்கும் மெத்தென்ற பவள வகைகள்: ஜோவா (ஜோவாந்திட்) சின்னப் பூக்கள் போலக் கொத்தாக விரியும், மஷ்ரூம் காளான் குடை போலத் தட்டையாக இருக்கும். இரண்டையும் வளர்த்தவன் என்பதால் யோசிக்காமல் ஜோவா என்றேன். ஆனால் கடையில் போய்க் கேட்டால் புதிதாக வருகிறவர் கையில் பெரும்பாலும் மஷ்ரூமைத்தான் கொடுப்பார்கள், எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அதனால் என் காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அக்ரோபோரா, ஹேமர், டார்ச் போன்ற கல் பவளங்கள் இந்தப் பேச்சிலேயே வராது. அவை 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை, யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜோவாந்திடும் மஷ்ரூமும் கல் கூடு கட்டாத வேறு வகைகள். அதற்காக ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் போகும்போது பாறையிலிருந்து பெயர்த்து வரலாம் என்றும் நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. யாராவது தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த கல்லாகக் கேட்டு வாங்குங்கள், அதுதான் நம் தொட்டியில் சீக்கிரம் நிலைக்கவும் செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பு (ஒப்படர்த்தியில்) 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8-9 dKH என்று ஆடாமல் நின்றால் போதும். நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், 5 முதல் 10 ppm வரை இருந்தால்தான் இரண்டுமே நன்றாக விரியும். ரொம்பச் சுத்தமான தண்ணீரில் ஜோவா நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகும். பெங்களூரு குளிரால் நமக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) செலவு பெரும்பாலும் மிச்சம், ஏப்ரல், மே மாதங்களில் மூடியைத் திறந்து மேலே ஒரு ஃபேன் வைத்தால் சமாளித்துவிடலாம். டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர் கட்டாயம். போர் தண்ணீரை மட்டும் நேராக ஊற்றிவிடாதீர்கள், ஆர்.ஓ. வடிகட்டி, அதன் பிறகு மிச்ச உப்பை எடுக்கும் டி.ஐ. வடிகட்டி, கடைசியில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் வந்த பிறகுதான் உப்பு கலக்க வேண்டும். 2024-ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஆர்.ஓ. கழிவைக் கீழே விட மனசு வராமல் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வைத்தோம், இன்றும் அப்படித்தான்.

வெளிச்சத்தில் மஷ்ரூமுக்குத்தான் வெற்றி. மங்கலான மூலையில், தண்ணீர் அதிகம் அசையாத இடத்திலும் அது பாட்டுக்கு இருக்கும். ஜோவாவுக்கு நடுத்தர வெளிச்சமும் மேலே குப்பை தங்காத அளவுக்கு ஓட்டமும் வேண்டும். வெளிச்சம் பற்றாவிட்டால் தண்டை நீட்டி எட்டிப் பார்க்கும், அதிகமானால் கல்லோடு சப்பையாக ஒட்டிக்கொள்ளும், அதைப் பார்த்தே இடத்தை மாற்றி வைக்கலாம்.

சரி, என்னை ஜோவா பக்கம் திருப்பியது வேறு ஒன்று: வேண்டாம் என்று தோன்றும்போது வெளியே எடுக்க முடியுமா என்பது. வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. நான் முதலில் வாங்கியது ரோடாக்டிஸ் வகை மஷ்ரூம், பச்சையில் முடி முடியாக இருக்கும், ஒரே ஒரு பாலிப், அதாவது ஒற்றைப் பவள உயிர். அதை நடுக்கல்லின் மேலேயே ஒட்டிவிட்டேன். பத்து மாதத்தில் பதினான்கு ஆகிவிட்டது. மஷ்ரூம் நின்ற இடத்தில் நிற்காது, மெதுவாக நகரும். நகரும்போது அடிப்பாகத்தில் ஒரு துண்டை விட்டுவிட்டுப் போகும், அந்தத் துண்டு இன்னொரு மஷ்ரூமாகும். சில சமயம் பிடியை விட்டு மிதந்துபோய், கை நுழையாத சந்தில் ஒட்டிக்கொள்ளும். "ஏங்க, பம்புக்குப் பின்னாடி இன்னொண்ணு வந்திருக்கு பாருங்க" என்று வீட்டில் காட்டிய அன்றுதான் எனக்கு நிலைமை புரிந்தது. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சதை கல்லில் மிச்சம் இருந்தாலும் மூன்று நான்கு வாரத்தில் திரும்ப வருகிறது. பக்கத்தில் எது இருந்தாலும் கொட்டவும் செய்யும், அதன் ஓரம் பட்ட பக்கத்து ஜோவாக்கள் வாரக்கணக்கில் திறக்கவே இல்லை. கடைசியில் அந்த நடுக்கல்லையே எடுத்து, பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். கல் போனதோடு தொட்டியின் அமைப்பே போய்விட்டது, மறுபடி அடுக்க ஒரு முழு ஞாயிறு ஆனது.

ஜோவாவும் பரவும், ஆனால் பாய் விரித்த மாதிரி ஓரத்திலிருந்து அடுத்தடுத்த பாலிப்பாக, கல் தொடர்ந்து இருக்கும் வரைதான் போகும், மணலைத் தாண்டுவது அபூர்வம். அதனால் நான் செய்வது, நடுக்கல்லில் எதையும் ஒட்டாமல், கைக்கு அடங்கும் சிறு கற்களாக வாங்கி, மணல்மேல் ஒவ்வொன்றுக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தனித் தீவாக வைப்பதுதான். ஒரு நிறம் பிடிக்கவில்லையா, கல்லோடு தூக்கிவிடலாம். கல் நிறைந்துவிட்டதா, அதை ஒட்டினாற்போல் ஒரு வெறுங்கல்லை வைத்தால் ஓரிரு மாதத்தில் அதன்மேல் ஏறும், பிறகு இரண்டையும் மெதுவாகப் பிரிக்கலாம், கத்தியே வேண்டாம்.

கத்தி வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் ஜோவாவின் விஷம். பாலிடாக்சின் என்ற அந்த விஷத்தை 1971-ல் முதலில் பிரித்தெடுத்ததே ஹவாயில் கிடைத்த, ஜோவாவின் உறவான ஒரு பாலித்தோவாவிலிருந்துதான். கடையில் ஜோவா என்ற ஒரே பெயரில் விற்பதில் பாலித்தோவாவும் கலந்திருக்கும். மணலைத் தன் சதையோடு சேர்த்துக்கொண்டு சொரசொரப்பாக, பெரிதாக, பெரும்பாலும் பழுப்பாக இருந்தால் அது பாலித்தோவா, அதை நான் வாங்குவதே இல்லை. மற்றதிலும் விஷம் இருக்காது என்று நம்பிக் கை வைக்காதீர்கள். கையில் கீறல் இருந்தால் தொட்டிக்குள் விடக் கூடாது, கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். ஜோவா இருக்கும் கல்லைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றுவதோ, வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்ப்பதோ கூடவே கூடாது. கொதித்தாலும் அந்த விஷம் அழியாது, ஆவியோடு மூச்சில் போகும். 2018-ல் இங்கிலாந்தில் ஒருவர் தொட்டிக் கல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்ததில் அவர் குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இந்த விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. கல்லைத் தொட்ட பிறகு வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பாலிடாக்சின் என்ற பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பூச்சித் தொல்லையும் ஜோவாவுக்குத்தான் அதிகம். அதைத் தின்றே வாழும் நூடிபிராங்க் என்ற ஓடில்லா நத்தை அதே நிறத்தில் ஒளிந்திருக்கும். புதுக்கல்லை டிப் என்ற பூச்சி நீக்கும் கரைசலில் முக்கி, லென்ஸ் வைத்து முட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் முக்குங்கள், டிப்பில் முட்டை சாகாது.

மஷ்ரூமிலேயே ரிக்கார்டியா இவ்வளவு வேகமாகப் பரவாது என்கிறார்கள். நான் ஐந்து மாதம்தான் வைத்திருந்தேன், அதுவரை ஒன்று ஒன்றாகவேதான் இருந்தது. அதை வைத்து என் ரோடாக்டிஸ் அனுபவத்தை எல்லா மஷ்ரூமுக்கும் பொருத்திவிட முடியாது. அதேபோல் தொட்டிக்குள் கைவிடும் வயதில் குழந்தை இருந்து, மூடியும் பூட்டும் போட வழியில்லை என்றால் நானே மஷ்ரூமைத்தான் சொல்வேன், அதையும் தனிக்கல்லில் வைக்கச் சொல்லி.

அந்தத் தம்பி வீட்டில் இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். முதலில் மூடிக்கு ஆள் பார், பூட்டுப் போடு, ஒரு ஜோடி கண்ணாடி வாங்கு, அப்புறம் வா என்றேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கல் நிறைந்து இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன், அதில் ஒன்று அவனுக்கு.