விஎம் ஆக்கிய பழைய சிஸ்டம் பூட் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

சில வருடங்களாகவே பழைய டெஸ்க்டாப்புகளை உள்ளே இருக்கும் விண்டோஸோடு அப்படியே விர்ச்சுவல் மெஷினாக (விஎம், அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விஎம்களை ஓட்டும் மென்பொருள்களில் முன்பு விர்ச்சுவல்பாக்ஸ், இப்போது ப்ராக்ஸ்மாக்ஸ். பெரும்பாலும் விண்டோஸ் 7, கொஞ்சம் எக்ஸ்பி, கொஞ்சம் விண்டோஸ் 10. இன்ஸ்டால் சிடி தொலைந்துபோன ஒரு பில்லிங் மென்பொருள் உள்ளே இருக்கும், அதை எழுதிக் கொடுத்தவரை இப்போது பிடிக்க முடியாது, மதர்போர்டு போனால் கடையின் பல வருடக் கணக்கும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் இந்த வேலையை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்கிறேன்.

காப்பி எடுக்க மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் டிஸ்க்2விஎச்டி என்ற கருவி (டிஸ்க்கை விஎம்முக்கான ஒரு ஃபைலாக்கித் தருவது) எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சி டிரைவோடு நிறுத்தாமல் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற சின்னப் பார்ட்டிஷனையும் டிக் செய்யுங்கள், விண்டோஸ் 7இல் அது 100 எம்பிதான், ஆனால் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) போட்டிருந்தால் முதலில் டிக்ரிப்ட் செய்துவிடுவது நல்லது.

இனி பூட் பிரச்சினை. இணையத்தில் எங்கே தேடினாலும் ரிப்பேர் சிடி போட்டு, பூட் பகுதியைச் சரிசெய்யும் 'பூட்ரெக்' கமாண்டுகளை வரிசையாக அடிக்கச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கேஸ்களுக்கு அது சம்பந்தமே இல்லாத மருந்து. விண்டோஸ் லோகோ வருகிறதா, வரவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

லோகோவே வராமல் பூட் டிஸ்க் இல்லை என்று நின்றால், ஃபர்ம்வேரைப் பாருங்கள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடி அதைத் தொடங்கும் மென்பொருள்; பழைய வகை பயாஸ், புதிய வகை யுஇஎஃப்ஐ. பழைய சிஸ்டம் யுஇஎஃப்ஐயில் ஓடியிருக்கும், விஎம்மை பயாஸில் உருவாக்கியிருப்பீர்கள், அல்லது இதற்கு நேர்மாறாக. அந்த சிஸ்டம் விண்டோஸ் 10 என்றால் காப்பி எடுக்கும் முன்பே அதில் 'எம்எஸ்இன்ஃபோ32' ஓட்டி பயாஸ் மோடு என்ன என்று குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. விஎம் ஓடுவது மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் என்றால் யுஇஎஃப்ஐக்கு ஜெனரேஷன் 2, பயாஸுக்கு ஜெனரேஷன் 1. ப்ராக்ஸ்மாக்ஸில் யுஇஎஃப்ஐக்கு ஓவிஎம்எஃப், பயாஸுக்கு சீபயாஸ். இரண்டும் பொருந்தியும் வரவில்லை என்றால்தான் ரிப்பேர் சிடி. யுஇஎஃப்ஐ சிஸ்டத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு டிஸ்க்பார்ட்டில் ஒரு எழுத்து கொடுத்துவிட்டு 'பிசிடிபூட்' கமாண்டில் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுத வேண்டும்.

லோகோ வந்து, கொஞ்ச நேரம் சுற்றி, 7பி என்று முடியும் ஸ்டாப் எண்ணோடு ப்ளூ ஸ்கிரீன் விழுந்தால் கதை வேறு. விண்டோஸ் 10இல் இதுவே 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று வரும். லோகோ வரும் வரைக்கும் டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது ஃபர்ம்வேர். அதற்குப் பிறகு விண்டோஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) தன் சொந்த டிரைவரால் படிக்க வேண்டும், விஎம்மின் டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் பூட் சமயத்தில் ஏற்றப்படவில்லை என்றால் தன் சி டிரைவே அதற்குத் தெரியாது. பூட் மேனேஜர் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட பிறகு அதையே பூட்ரெக் போட்டுச் சரிசெய்து என்ன ஆகப்போகிறது?

சுலபமான வழி, விஎம்மில் டிஸ்க்கை ஐடிஇ அல்லது சாட்டா வகை இணைப்புக்கு மாற்றிப் பார்ப்பது. அதற்கும் அசையவில்லை என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிதான். விண்டோஸ் 7 என்றால் 'சர்வீசஸ்' கீழே எம்எஸ்ஏஎச்சிஐ, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ, ஏடாபி ஆகிய டிஸ்க் டிரைவர்களின் ஸ்டார்ட் மதிப்பை 0 (பூட் சமயத்திலேயே ஏற்று என்று பொருள்) ஆக்குங்கள். விண்டோஸ் 10 என்றால் ஸ்டோர்ஏஎச்சிஐ, அதோடு அதன் கீழே இருக்கும் 'ஸ்டார்ட்ஓவர்ரைடு' மதிப்பும் 0. பழைய சிஸ்டம் இன்னும் உயிரோடு இருந்தால் காப்பி எடுக்கும் முன்பே இதை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ரிப்பேர் சிடியில் பூட் செய்து, ரெஜெடிட்டில் சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதி இருக்கும் ஃபைலை) லோடு செய்து மாற்றலாம். ஆனால் அங்கே 'சர்வீசஸ்' வழக்கமாக இருக்கும் 'கரன்ட் கன்ட்ரோல் செட்' கண்ணில் படாது, 'செலக்ட்' கீயில் கரன்ட் மதிப்பு 1 என்றால் 'கன்ட்ரோல்செட்001'இல் மாற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

எக்ஸ்பி என்றால் நேராக ஐடிஇ. ஏஎம்டி ப்ராசசர் உள்ள ஹோஸ்ட்டில் (விஎம் ஓடும் நிஜக் கணினியில்) 7இ என்று ப்ளூ ஸ்கிரீன் வந்தால் 'இன்டெல்பிபிஎம்' என்ற இன்டெல் ப்ராசசர் டிரைவரின் ஸ்டார்ட்டை 4 ஆக்கி, அதாவது முடக்கிப் பாருங்கள்.

வேகத்துக்காக வர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே உருவான டிஸ்க் இணைப்பு வகை) வேண்டும் என்பவர்கள் பூட் டிஸ்க்கை எடுத்த எடுப்பில் மாற்றக் கூடாது. சாட்டாவில் பூட் செய்து, 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை வர்ட்ஐஓவாகச் சேர்த்து, டிரைவர் ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரைப் போட்டு, விண்டோஸ் அந்த டிஸ்க்கைப் பார்த்த பிறகு பூட் டிஸ்க்கை மாற்றினால் வந்துவிடும். அப்படியும் விழுந்தால் ஒரு தடவை சேஃப் மோடில் பூட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

பூட் ஆன பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பழைய நெட்வொர்க் கார்டு மறைவாகப் பதிவில் இருந்து அதே ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கும், டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்க வேண்டும். ஓஇஎம் லைசென்ஸ், அதாவது கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் லைசென்ஸ், அந்தப் பழைய இயந்திரத்தோடு கட்டப்பட்டது, விஎம்முக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். மென்பொருளுக்கு டாங்கிள் (போர்ட்டில் செருகும் லைசென்ஸ் சாவி) இருந்தால், யுஎஸ்பி வகையைப் பாஸ்த்ரூ செய்து நேரடியாக விஎம்முக்கே கொடுத்துவிடலாம். பேரலல் போர்ட் டாங்கிள் என்றால் அந்த சிஸ்டத்தை நான் தொடுவதில்லை, ஹார்டு டிஸ்க்கை மட்டும் குளோன் செய்து கையில் கொடுத்துவிடுகிறேன்.