பெரிய மைக்குக்குள் சின்னப் பொத்தான்: மலிவு மைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் தேர்வு நெருங்கும்போது அந்தப் பதிவுகளை ஹெட்போனில் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட 23 பாடங்களை ஒரு போலி மைக் பாழாக்கிவிட்டது. எப்படி ஏமாந்தேன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் அதே மைக் இன்றும் பல பெயர்களில், பல நிற உறைகளில் விற்பனையில் இருக்கிறது.

அதுவரை கைப்பேசியிலேயே பதிவு செய்துவந்தேன். இன்னும் தெளிவாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் இணையத்தில் தேடியபோது கண்ணில் பட்டது ‘ஸ்டுடியோ கண்டென்சர் மைக், முழுத் தொகுப்பு’ என்ற விளம்பரம். மைக், மேசையில் பொருத்தும் மடக்குக் கை, வாய்க்கு முன்னால் வைக்கும் வலை, பஞ்சு உறை, கேபிள், விரல் நீள யுஎஸ்பி சவுண்ட் கார்டு என எல்லாம் ஒரே பெட்டியில். படத்தில் கம்பி வலைக்குப் பின்னால் தங்க நிறத்தில் பெரிய வட்டத் தகடு பளிச்சென்று தெரிந்தது. கூடவே ஒரு மாதிரி ஒலிப்பதிவு: ஒரு பெண் கவிதை வாசிக்கிறார், வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கிறது. அந்தக் குரலை நம்பித்தான் பணம் கட்டினேன். அந்த மைக் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. அந்தப் பதிவு இதில் எடுத்ததல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

பெட்டி வந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். ஒரு பக்கம் வாசித்து மடிக்கணினியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேட்டேன்; சரியாக இருப்பதாகத் தோன்றியது. தவறு அங்கே நடந்தது. மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் எடுபடாது. ஹெட்போனில் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் 23 பாடங்களையும் முடித்து அனுப்பிவிட்டேன். ஒரு மாணவி பதில் எழுதினாள்: “நீங்கள் வாசிக்கும்போது பின்னால் மழை பெய்துகொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கிறது.” குறை சொல்கிறோமே என்று மிகவும் தயங்கி எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை பணம் போனதால் வந்ததல்ல.

அன்று இரவே மைக்கின் திருகுகளைக் கழற்றினேன். கண்டென்சர் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் மின்தேக்கியாக வேலை செய்யும்; ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது மின்தேக்கத்தின் அளவு மாறும், அந்த மாற்றமே மின்சைகையாகிறது. ஸ்டுடியோக்களில் பாட்டுக்கும் வாசிப்புக்கும் வைக்கும் பெரிய வகையில் சவ்வு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நான் திறந்துபார்த்ததில் அவ்வளவு பெரிய கூண்டின் நடுவில் 10 மில்லிமீட்டர் அகலத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, எலெக்ட்ரெட் என்ற வகையைச் சேர்ந்த ஒரு கேப்சூல் (ஒலியை வாங்கும் பகுதி) ஒட்டியிருந்தது. படத்தில் பளபளத்த தங்க நிறத் தகடு எங்கும் இல்லை.

எலெக்ட்ரெட் மட்டமான சரக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்டு செஸ்லரும் உருவாக்கிய அருமையான கண்டுபிடிப்பு அது. நிரந்தர மின்னூட்டம் ஏற்றிய ஒரு படலம் இருப்பதால் பெரிய மின்னழுத்தம் தேவையில்லை. தொலைபேசி முதல் காதுகேள் கருவி வரை பல பத்தாண்டுகள் உலகத்தின் குரலைச் சுமந்தது அதுதான். சட்டையில் குத்தும் நல்ல கிளிப் மைக்குகளிலும் அதுவே இருக்கிறது. சின்ன கேப்சூலைச் சின்ன மைக் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பெரிய கூண்டுக்குள் வைத்து, வேறொன்றின் படத்தைக் காட்டி, வேறொன்றின் ஒலியைக் கேட்கவைத்து விற்பதுதான் மோசடி.

விற்பனையாளருக்கு எழுதினேன். “உங்கள் கணினியில்தான் கோளாறு, வேறு கணினியில் பாருங்கள்” என்றார்கள். பார்த்தேன், அதே இரைச்சல். “மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பெட்டி தனியாக வாங்கிப் பொருத்துங்கள், சரியாகிவிடும்” என்றார்கள். அதையும் நம்பி வாங்கினேன். இரைச்சல் கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர மூன்று நான்கு நாள். கடைசியாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “திருப்பும் காலம் முடிந்துவிட்டது, மேலும் நீங்கள் மைக்கைத் திறந்திருக்கிறீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ‘இதைச் செய்துபாருங்கள், அதைச் செய்துபாருங்கள்’ என்று இழுத்ததெல்லாம் அந்தக் காலத்தைத் தாண்டவைக்கத்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதல் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே திருப்பும் கோரிக்கையையும் பதிவு செய்துவிடுங்கள். மைக்கைத் திறக்காதீர்கள். இருட்டறையில் டார்ச் விளக்கை வலைமீது சாய்வாக அடித்தாலே உள்ளே பெரிய வட்டம் இருக்கிறதா, பொத்தான் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, எதுவும் பேசாமல் பதிவு செய்வது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பேசும் அளவுக்கே ஒலிப்பதிவு அளவை வைத்து, அரை நிமிட அமைதியைப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். ‘உஸ்ஸ்’ என்று கேட்டால் மைக்கோ அதை வாங்கும் கருவியோ இரைகிறது. ‘ம்ம்ம்’ என்ற அடித்தொனி கேட்டால் அது மின்கம்பியிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல். மலிவுத் தொகுப்புகளில் வரும், ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோ மைக்குகளில் இருக்கும் மூன்று ஊசி இணைப்பு), மறுமுனை 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் பிளக் என்று இருக்கும் கேபிள் இதற்கு இடம் கொடுக்கும். அடுத்து, மைக்கின் முன்னால் நின்று ஒரு வரி, பின்னால் போய் அதே வரி சொல்லுங்கள். ‘கார்டியாய்டு’, அதாவது முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்கும் மைக், என்று அட்டையில் போட்டிருந்தால் பின்பக்கக் குரல் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன.

அட்டையில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை கண்ணைக் கட்டுவதற்கே. ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். இதில் கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவு செய்கிறது என்ற கணக்கு; கேட்கும் ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, குரலுக்கு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். நாம் தேட வேண்டிய எண் மைக்கின் சொந்த இரைச்சல், அதாவது எந்த ஒலியும் இல்லாதபோதும் மைக் தானாக எழுப்பும் இரைச்சல். அது 15 டெசிபல் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் அமைதியான மைக். சிலர் அதைச் சொல்லாமல் சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்வார்கள். அப்போது 94-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் சொந்த இரைச்சல் கிடைக்கும். 74 என்று போட்டிருந்தால் 20 டெசிபல். இரண்டுமே போடாத மைக்கை நான் இனி தொடமாட்டேன்.

காணொளி எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. என் நண்பர் ஒருவர் கைப்பேசியில் பாடம் எடுக்கக் கிளிப் மைக் வாங்கினார். இரண்டு மாதம் சட்டையில் குத்திக்கொண்டு பேசியும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது. பிளக்கைப் பார்த்தோம்: இரண்டு கறுப்பு வளையம், அதாவது மூன்று பகுதி. அது கேமராவுக்கானது. கைப்பேசியின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கு மூன்று வளையம் கொண்ட நான்கு பகுதி பிளக் வேண்டும். பொருந்தாத பிளக்கைச் செருகினால் பல கைப்பேசிகள் எதுவும் சொல்லாமல் தங்கள் உள் மைக்கிலேயே பதிவு செய்துவிடும். விற்றவர் ‘கைப்பேசி, கேமரா எல்லாவற்றுக்கும்’ என்று எழுதியிருந்தார். அதற்கான மாற்றி இணைப்பைப் பெட்டியில் வைக்கவில்லை. பதிவு ஓடும்போது கிளிப் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது சுரண்டும் ஓசை காதருகே கேட்கவில்லை என்றால் அந்த மைக் வேலையே செய்யவில்லை.

இப்போது நான் வைத்திருப்பது யுஎஸ்பியில் செருகும் ஒரு சாதாரண டைனமிக் மைக், அதாவது மின்தேக்கிக்குப் பதிலாகக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு வேலை செய்யும் வகை. என் அறையில் வெற்றுச் சுவர்கள், ஜன்னலுக்கு வெளியே தெரு. இப்படிப்பட்ட அறையில் கண்டென்சர் எல்லா ஓசையையும் அள்ளிக்கொண்டு வரும். டைனமிக்கை ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துப் பேசினால் குரல் முன்னே நிற்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறேன். எதிரொலியைக் குறைக்கப் பணம் கொடுத்து வாங்கிய பஞ்சுப் பலகைகளைவிட அது எனக்கு அதிகம் உதவுகிறது.

டைனமிக்கிலும் போலி உண்டு, கவனம். 1966-இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்58 மிகவும் பெயர் பெற்ற மைக் என்பதாலேயே அதற்குப் போலிகள் ஏராளம். அசல் சுமார் 300 கிராம் எடை இருக்கும். நம்ப முடியாத விலையில் கிடைத்தால் தராசில் வைத்துப் பாருங்கள். எடை சரியாக இருந்தாலும், நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கிய ரசீது இல்லையென்றால் நான் நம்பமாட்டேன்.

பழைய 23 பதிவுகளையும் இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மழை நின்றது, ஆனால் சகர, ஷகர ஒலிகள் தேய்ந்து, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அதைப் பிள்ளைகளுக்கு அனுப்ப மனம் வரவில்லை. முதல் பாடத்திலிருந்து மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒன்பதாவது பாடத்தை அனுப்பினேன். மழை இல்லை என்று அந்த மாணவி எழுதியிருக்கிறாள்.