பாளையங்கோட்டை ஜெராக்ஸ் நோட்ஸ்: ‘அயல்நாட்டுப் பயங்கரவாதப் போராளிகள்’ பகுதியை நம்பிப் படிக்கலாமா?

சட்டக் கல்லூரி மாணவர்களை நம்பி நடக்கும் பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடை ஒன்றில், சர்வதேசச் சட்டத்துக்கான தமிழ் நோட்ஸ் ஸ்பைரல் போட்டுக் கிடைக்கிறது. 112 பக்கம், 140 ரூபாய். தாள் மெலிசு, ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் ஊறிவிடும், பென்சில்தான் சரி. இங்கே பார்ப்பது கடைசி 18 பக்கத்தை மட்டும். சண்டை நடக்கும் வெளிநாட்டுக்குப் போய்ப் பயங்கரவாத அமைப்புகளில் சேருகிறவர்களைப் பற்றிச் சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்ற பகுதி அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கால அட்டவணையில் பிழை இல்லை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் பயங்கரவாத எதிர்ப்புத் தீர்மானமான 1373 வந்தது 2001 செப்டம்பர் 28, இந்தப் போராளிகளைப் பற்றிய 2178ஆம் தீர்மானம் 2014 செப்டம்பர் 24, இதே விஷயத்தில் ஐரோப்பிய கவுன்சில் கையெழுத்துக்குத் திறந்த ரிகா கூடுதல் நெறிமுறை 2015 அக்டோபர் 22, 2178இன் தொடர்ச்சியான 2396ஆம் தீர்மானம் 2017 டிசம்பர் 21. நான்கும் சரி. நெறிமுறை நடைமுறைக்கு வந்த 2017 ஜூலை 1 கூட விடுபடவில்லை.

சறுக்கல் மொழிபெயர்ப்பில் தொடங்குகிறது. ஐ.நா. தீர்மானத்தில் ஒவ்வொரு பத்தியும் ஒரு வினைச்சொல்லோடு ஆரம்பிக்கும். ‘தீர்மானிக்கிறது’ என்றிருந்தால் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். ‘கேட்டுக்கொள்கிறது’, ‘ஊக்குவிக்கிறது’ என்றிருந்தால் அந்தப் பலம் கிடையாது. நோட்ஸில் எல்லாமே ‘செய்ய வேண்டும்’ என்று ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. இதனால் பாடத்தின் உயிரான ஒரு வளர்ச்சி காணாமல் போகிறது. 2178இன் 9ஆம் பத்தி, விமான நிறுவனங்கள் பயணிகளின் விவரத்தை முன்கூட்டியே தரும்படி செய்யுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து 2396இன் 11ஆம் பத்தி அதையே கட்டாயமாக்கியது. 12ஆம் பத்தி டிக்கெட் பதிவுத் தரவையும், 15ஆம் பத்தி கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவையும் கட்டாய வரிசையில் சேர்த்தன.

முதல் இரண்டு தரவுகளையும் நோட்ஸ் ஒன்றாகக் குழப்புகிறது. நம்மூரிலிருந்து திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்கு விமானம் ஏறுபவரை வைத்துப் பார்த்தால் எளிது. கவுண்டரில் பாஸ்போர்ட்டிலிருந்து எடுக்கும் பெயர், எண், பிறந்த தேதி ஆகியவை முன்பயணித் தகவல். எந்த வழியாகப் போகிறார், பணம் எப்படிக் கட்டினார், எந்த போன் நம்பர் கொடுத்தார் என்பவை பதிவுத் தரவு. இந்தியாவில் இரண்டாவதற்கு 2022இல் சுங்கச் சட்டத்தின் கீழ் தனி விதிமுறையே வந்துவிட்டது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லும் அந்த விதிமுறையை நோட்ஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

‘அயல்நாட்டுப் பயங்கரவாதப் போராளி’ யார் என்ற வரையறைப் பக்கத்தையும் திருத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும். 2178இல் வரையறை இருப்பது முகப்புரையில். வசிக்கும் நாடோ குடியுரிமை நாடோ அல்லாத வேறொரு நாட்டுக்கு, பயங்கரவாதச் செயலுக்காகவோ பயிற்சிக்காகவோ போகிறவர் என்கிறது அது. ஜெர்மனியில் வசிக்கும் சிரியக் குடிமகன் சிரியாவுக்கே திரும்பிப் போனால் இந்தச் சொற்களுக்குள் அடங்கமாட்டார். ‘பயங்கரவாதச் செயல்’ என்றால் என்ன என்பதைத் தீர்மானம் வரையறுக்கவே இல்லை. சர்வதேசப் பயங்கரவாதத்துக்கு எதிராக இந்தியா 1996இல் ஐ.நா.வில் முன்வைத்த விரிவான உடன்படிக்கை இன்னும் முட்டி நிற்பதும் இதே முடிச்சில்தான். நோட்ஸோ ‘கூலிப்படையினர் என்றும் அழைக்கப்படுவர்’ என்று ஒரே வரியில் தாண்டுகிறது. அது தவறு. போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையின் 47ஆம் பிரிவுப்படி கூலிப்படையாளுக்கு ஆறு நிபந்தனை, ஆறும் சேர்ந்து பொருந்த வேண்டும். அதில் ஒன்று சொந்த லாப நோக்கம். கொள்கைக்காகப் போனவர் அங்கேயே கழன்றுவிடுவார்.

திரும்பி வருபவர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என 2178 கட்டளையிட்டதாக எழுதியிருப்பது இன்னும் மோசம். 8ஆம் பத்தி நேர்மாறாக, சொந்தக் குடிமகனையோ நிரந்தரக் குடியிருப்பாளரையோ தடுக்கும்படி எந்த நாட்டையும் இது கட்டாயப்படுத்தாது என்கிறது. லண்டனிலிருந்து சிரியா போய் ஐ.எஸ்.ஸில் சேர்ந்த ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019இல் பிரிட்டன் பறித்ததை நான்கு பக்கத்துக்கு விவரித்தவர்கள், இந்தியாவில் பிறப்பால் குடிமகனானவரிடம் குடியுரிமையைப் பறிக்க வழிசெய்யும் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு செல்லாது என்பதை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

ஹேக் குற்றவியல் நீதிமன்றம் பற்றிய அரைப் பக்கத்தை அடித்துவிடுங்கள். சிரியா, ஈராக் இரண்டும் அதில் உறுப்பினர் இல்லை. சிரியாவை அங்கே அனுப்பும் வரைவை 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன.

பெரிய குறை வேறு, உள்நாட்டுச் சட்டத்தோடு இதை இணைத்துக் காட்டாததுதான். 2178 யாரையும் தண்டிக்காது. 6ஆம் பத்தி பயணம், அதற்கான பணம், ஆள் சேர்ப்பு ஆகியவற்றை உங்கள் நாட்டுச் சட்டத்தில் குற்றமாக்குங்கள் என்று அரசுகளுக்குத்தான் சொல்கிறது. அந்தக் கயிற்றின் மறுமுனை உள்ளூர் நீதிமன்றம். உதாரணத்துக்குப் பாரிஸ் போக வேண்டியதில்லை. கடையநல்லூரில் வசித்துவந்த ஒருவர், ஈராக் போய் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்து திரும்பியதாக 2016 அக்டோபரில் கைதானார். 2020 செப்டம்பரில் கொச்சியிலுள்ள என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அங்கே உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தோடு கைகொடுத்தது, இந்திய அரசோடு சமாதானமாக இருக்கும் ஆசிய நாட்டின் மீது போர் தொடுப்பதைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 1860ஆம் ஆண்டுச் சட்டம்! அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இப்போது 153ஆம் பிரிவு. ‘ஆசிய’ என்ற சொல் போய் ‘எந்த அயல்நாடும்’ என்றாகிவிட்டது. உபாவின் 1ஆம் பிரிவு வெளிநாட்டிலுள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்துவதையும், வழக்கை நீதிமன்றம் ஏற்க 45ஆம் பிரிவுப்படி அரசின் அனுமதி தேவை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதானால் 2178, 2396 இரண்டையும் ஐ.நா. தளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியின் முதல் வினைச்சொல்லையும் நோட்ஸில் எழுதிச் சேர்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். முழு நோட்ஸ் தேவைப்படாதவர்கள் கால அட்டவணைப் பக்கங்களை மட்டும் கேட்டால், கடையில் தனியாகக் காப்பி எடுத்துத் தருகிறார்கள்.