ஒரு கிலோ மிச்ச நூல் பை: போர்வைக்கு வாங்கலாம், மற்றதற்கு வேண்டாம்

480 ரூபாய்க்கு ஒரு கிலோ மிச்ச நூல் கட்டுபடியாகுமா என்று கேட்டால், அதை வைத்து என்ன பின்னப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பட்டை பட்டையாகப் போர்வை பின்ன என்றால் தாராளமாக வாங்குங்கள். ஸ்வெட்டர், தொப்பி, பொம்மை என்றால் அந்தக் காசுக்குப் புதுக் கண்டு நாலைந்து வாங்கிக்கொள்வது மேல்.

குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், அதற்கான சாமான் விற்கும் ஒரு சின்ன இணையக் கடையில் வாங்கினேன். கூரியருக்குத் தனியாக 70 ரூபாய். குன்னூருக்குத் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. வங்கி கவுண்டரில் நோட்டு எண்ணிய கை சும்மா இருக்குமா? வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன். உறையோடு சேர்த்து 940 கிராம். போன் செய்ததும் எடுத்த பெண், "சரிங்க மேடம், அடுத்த ஆர்டர்ல சேர்த்துப் போட்டுடறோம்" என்றார். அடுத்த ஆர்டர் போடுவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? போட்டேன், அது வேறு விஷயம். சொன்னபடி சேர்த்தும் அனுப்பினார்கள்.

பைக்குள் இருந்தவை பாதி தீர்ந்த கண்டுகள், மில்லில் அறுந்த துண்டுகள், எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள். எந்த நிறம் வரும் என்பது நம் கையில் இல்லை. எனக்கு வந்ததில் பள்ளிக்கூட ஸ்வெட்டர் நீலமும் மெரூனும் கொட்டிக் கிடந்தன. ஊட்டி, குன்னூர் பக்கம் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த இரண்டு நிறத்தைப் பார்த்தாலே பள்ளி திறக்கும் ஜூன் மாதச் செலவு ஞாபகம் வரும். மெரூன் கண்டை ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை.

'முழுவதும் அக்ரிலிக்', அதாவது செயற்கை நூல், என்று உறையில் ஒட்டியிருந்தது. நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கண்டிலும் விரல் நீளம் வெட்டி, எவர்சில்வர் தட்டுக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும். அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்துபோகும். என் பையில் இரண்டு கண்டு அசல் கம்பளி இருந்தது. விலைக்கு அது லாபம்தான். ஆனால் அக்ரிலிக் போர்வைக்கு நடுவே அதைச் சேர்க்கக் கூடாது. வெந்நீரில் மெஷினில் போட்டால் கம்பளி சுருங்கித் தடித்துப்போகும், அக்ரிலிக் அப்படியே இருக்கும், போர்வை நடுவில் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் பிரிப்பது. எல்லாரும் முதலில் நிறம் பிரிப்பார்கள். நீங்கள் கனம் பிரியுங்கள். பிளை என்பது நூலின் கனத்தைச் சொல்லும் கணக்கு, எண் கூடினால் நூல் தடிக்கும். 8 பிளை ஒரு பக்கம், 4 பிளை இன்னொரு பக்கம். 4 பிளையை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்தால் 8 பிளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இந்தக் கனக் குழப்பத்தால்தான் இந்தப் பையில் தனித்தனிச் சதுரமாகப் பின்னி இணைக்க வேண்டாம் என்கிறேன். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் பின்னி இணைத்த போர்வை அது. அப்படி இணைக்க, துண்டுகள் ஒரே அளவில் வர வேண்டும். மிச்ச நூலில் அது நடக்காது, நூல் சற்றுத் தடித்தாலும் சதுரம் பெரிதாகிவிடும். பட்டை போட்டால் ஒன்று கொஞ்சம் உயரமாக வரும், அடுத்தது குட்டையாக வரும், அவ்வளவுதான்.

ஊசி, போனி பிராண்ட் 5 மி.மீ. அலுமினியம். எங்கள் மலையிலேயே, கேத்தி எல்லநள்ளியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் செய்வது, 1949-இல் தொடங்கிய கம்பெனி. பக்கத்து ஊர்ச் சாமான் என்ற பாசம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் கொக்கி வழவழப்பாக இருப்பதால் பிரி பிரியாகக் கலையும் மலிவு நூல்கூட மாட்டாமல் வருகிறது என்பது நிஜம்.

இனி கணக்கு. 120 செ.மீ. அகலத்துக்கு டபுள் குரோஷா என்ற உயரமான தையல் ஒரு வரிசை ஏறக்குறைய 5 கிராம் தின்கிறது, சிங்கிள் என்ற குட்டைத் தையல் 3 கிராம். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வரிசை போவேன். அப்போதுதான் நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பி வரும், முனைகள் எல்லாம் ஒரே பக்கம் சேரும். ஆகவே 12 கிராமுக்கு மேல் இருக்கும் கண்டு டபுளுக்கு, 7 முதல் 12 வரை இருப்பது சிங்கிளுக்கு, அதற்கும் கீழே என்றால் தலையணைக்குள் அடைக்க. தராசு இல்லாமல் இந்தப் பையைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, ஒரே தையல் எண்ணிக்கையில் டபுளும் சிங்கிளும் மாற்றி மாற்றிப் போட்டால் சிங்கிள் வரிசை இறுகி ஓரம் உள்ளே போகும். சிங்கிளுக்கு மட்டும் 5.5 ஊசி எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

கிரானி பட்டையும் போட்டுப் பார்த்தேன். மூன்று டபுள் ஒரு கூட்டமாக, அடுத்த வரிசை அந்த இடைவெளிகளில். மளமளவென்று ஏறும், ஆனால் விரல் நுழையும் ஓட்டை. கோயம்புத்தூரில் இருப்பவர்கள் முழுப் போர்வையும் அதிலேயே போடலாம், எங்கள் ஊர் டிசம்பருக்கு ஆகாது. என் ஓட்டு மாஸ் தையலுக்கு. ஒரு சிங்கிள், ஒரு செயின் (சங்கிலித் தையல்), மேல் வரிசையில் அந்தச் செயின் இடைவெளியில் சிங்கிள். மேல் நிறம் கீழ் நிறத்துக்குள் இறங்கிக் கலப்பதால், ஒட்டாத இரண்டு நிறம்கூடச் சண்டை போடாது.

பையோடு ஒரு பேட்டர்ன் தாள் இலவசம். தூக்கிப் போடுங்கள். 'டபுள்' என்று எழுதியிருக்கிறார்களே தவிர, அமெரிக்கக் கணக்கா பிரிட்டிஷ் கணக்கா என்று இல்லை. பிரிட்டிஷ் டபுள்தான் அமெரிக்க சிங்கிள். மாற்றிப் புரிந்துகொண்டால் போர்வை உயரம் பாதிதான் வரும். நான் மேலே சொன்னதெல்லாம் அமெரிக்கக் கணக்கு.

480 ரூபாயைவிடப் பெரிய செலவு, நிறம் மாறும் இடத்தில் தொங்கும் நூல் முனைகளைச் செருகி மறைக்கும் வேலை. மில் போட்ட முடிச்சுகள் வேறு ஆங்காங்கே வரும். அவற்றை அப்படியே பின்னாமல் வெட்டி இணையுங்கள், இல்லாவிட்டால் துவைக்கும்போது அங்கேதான் அவிழும். ஒரு சாண் வால் விட்டு, அடுத்த வரிசை போடும்போதே அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டு போனால் கடைசியில் முழி பிதுங்காது. முடித்த போர்வைமேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், சூட்டில் அக்ரிலிக் தொளதொளத்துவிட்டால் பழையபடி ஆகாது.

120க்கு 150 செ.மீ. போர்வை, 640 கிராம் ஆனது. தளத்தில் நிறம் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது பெரிய குறை. ஆர்டர் போட்ட கையோடு வாட்ஸாப்பில் 'மெரூன் வேண்டாம், வெளிர் நிறம் அதிகம் போடுங்கள்' என்று எழுதிவிடுங்கள். என் இரண்டாவது பையில் வெள்ளையும் மஞ்சளும் வந்தது அப்படித்தான்.