அரக்குப் புடவை, பச்சைக் கரை: கருப்பு-வெள்ளைக்கு எந்த வழி?

அரக்குச் சிவப்பு உடல், கரும்பச்சைக் கரை. கலர் ஃபோட்டோவில் கண்ணைப் பறிக்கும் இந்தக் கல்யாணப் பட்டு, படத்தைக் கருப்பு-வெள்ளையாக்கினால் கரையே இல்லாத ஒற்றைச் சாம்பல் துணியாகிவிடலாம். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். சிவப்பின் ஆர்ஜிபி மதிப்பு (அதில் உள்ள சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 180, 20, 40 என்றும் பச்சையின் மதிப்பு 0, 110, 50 என்றும் வைத்துக்கொள்வோம். சிவப்பில் 30%, பச்சையில் 59%, நீலத்தில் 11% எடுத்துக் கூட்டுவது டிவி காலத்துச் சூத்திரம். பல நிரல்கள் இன்னும் அதையே பயன்படுத்துகின்றன. அதில் போட்டால் இரண்டுக்கும் 70தான் வரும்.

நிறத்தை நீக்கும் ஃபோட்டோஷாப்பின் டீசாச்சுரேட் கட்டளை வேறு மாதிரி. மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும். நம் புடவைக்கு 100, 55 என்று கரை பிழைத்துக்கொள்ளும். ஆனால் முழு மஞ்சளும் முழு நீலமும் இதில் ஒரே சாம்பல்! முகமும் மங்கித் தட்டையாகும். ஒரு சொடுக்கில் முடிகிறது என்பதைத் தவிர இதற்குப் பெருமை இல்லை.

உண்மையான போட்டி, சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை நாம் சொல்லும் விகிதத்தில் கலக்கும் சேனல் மிக்சருக்கும், படத்தின் மேல் அடுக்காக வைக்கும் 'பிளாக் அண்ட் ஒயிட்' லேயருக்கும்தான்.

சேனல் மிக்சரில் மோனோகுரோமை (ஒற்றை நிறம்) டிக் செய்தால் 40, 40, 20 என்று தொடங்கும். அதை 70, 30, 0 ஆக்குங்கள்: புடவை 132, கரை 33. கூட்டுத்தொகை 100ஐத் தாண்டக் கூடாது. 120 வைத்தால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்புகள் வெள்ளையில் கரைந்துவிடும். இலவச மென்பொருளான ஜிம்ப்பின் மோனோ மிக்சரிலும் இதே விதி, அங்கே கூட்டுத்தொகை 1. நீலத்தை அதிகம் ஏற்றினால் இரைச்சல் புள்ளிகள் கிளம்பும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலச் சேனலுக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

பிளாக் அண்ட் ஒயிட்டில் ஆறு நிற ஸ்லைடர்கள். இது நிறம் பார்த்து வேலை செய்வதால் வெள்ளை வேட்டியைத் தொடாது. அது பெரிய வசதி. ஆனால் ஸ்லைடரின் பெயரை நம்பக் கூடாது. வாழையிலையை பச்சையைவிட மஞ்சள் ஸ்லைடர்தான் அதிகம் அசைக்கும். நம் கரையின் பச்சைக்கு சயானையும் (நீலப்பச்சை) சேர்த்து இறக்க வேண்டும். வானத்தைக் கருப்பாக்க நீலத்தை மைனஸுக்குத் தள்ளினால் கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் என்றால் வானமே கட்டம் கட்டமாக உடையும், ஏனென்றால் ஜேபெக் நிற விவரத்தைத்தான் முதலில் சுருக்குகிறது.

அதனால் கேமரா பதப்படுத்தாமல் சேமித்த ரா கோப்பு கையில் இருந்தால் 16 பிட்டில் திறந்து பிளாக் அண்ட் ஒயிட். சுருங்கிய ஜேபெக் மட்டும்தான் என்றால் சேனல் மிக்சர். கேமராவின் மோனோகுரோம் பயன்முறை திரையில் பார்த்துக்கொள்ள நல்லது. ஜேபெக்கை மட்டும் சேமித்தால் நிறம் போனது போனதுதான்.

இரண்டு வழிக்கும் பொதுவான வில்லங்கம் ஒன்று உண்டு. புடவைக்காகச் சிவப்பை ஏற்றினால் உதடு வெளுக்கும், நெற்றிக் குங்குமம் காணாமல் போகும். லேயரின் விளைவு எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கை எடுத்து, முகத்தின் மேல் மென்மையான கருப்பு பிரஷ்ஷால் தடவி அந்த மாற்றத்தை மறையுங்கள். அந்த லேயருக்கு மேலே 40, 40, 20இல் இன்னொரு மிக்சர் லேயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் மறைத்த இடத்தில் கலர் எட்டிப் பார்க்கும்.