ஆறடி பால்கனி: கிருஷ்ணகிரி பக்கம் பெரிய வீடு கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் கொஞ்சம் பெரிய பட்ஜெட்டில் வீடு கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இரண்டு வருடம் பட்ட பாட்டை எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. விஷயம் நோட்டீஸ் வரை போயிருப்பதால் வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கத்தில், மாமனாரின் மாந்தோப்பு ஓரத்தில் இருக்கிறது. கீழும் மேலுமாக 3,400 சதுர அடி. சதுர அடிக்கு 2,900 ரூபாய் என்று பேசியதால் பில்டருக்கு மட்டும் 98 லட்சத்து 60 ஆயிரம். டிசைனருக்குத் தனியாக 4 லட்சம். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வருடக்கணக்காக இருந்து சேர்த்த பணம் இது. நான் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் பள்ளி விட்டதும் சைட்டுக்குப் போய்விடுவேன். வேலையைப் பார்த்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

பில்டரும் டிசைனரும் முதல் நாளே ஒரே காரில் வந்தார்கள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே டீம் அக்கா, பத்து வீடு சேர்ந்து பண்ணியிருக்கோம், உங்களுக்கு ஒரு டென்ஷனும் வராது" என்றார் டிசைனர். நிம்மதியாக இருந்தது. மற்றவர்கள் வீட்டில் இன்ஜினியர் ஒரு பக்கம் இழுக்க, மேஸ்திரி ஒரு பக்கம் இழுக்க, நடுவில் வீட்டுக்காரர் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று மனதார நம்பினேன். அந்த ஒற்றுமைதான் என் தலையில் விழுந்தது. ஒருவர் செய்யும் தப்பை இன்னொருவர் எங்களுக்காகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இரண்டு பேருக்குச் சம்பளம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டிசைனர் காட்டிய த்ரீடி படம் அவ்வளவு அழகு. இரண்டு மாடி உயரத்துக்கு ஹால், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, மேல்மாடியில் தூணே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனி. என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை போனில் வைத்துக்கொண்டு ரூமில் எல்லாருக்கும் காட்டினாராம்.

அந்தப் படம் வேறு, கட்டுவதற்கான ட்ராயிங் வேறு. எனக்குத் தெரியாமல் போனது இதுதான். படத்தில் கண்ணாடி இருக்கும் இடத்தில் உண்மையில் ஒரு பீம் ஓட வேண்டியிருக்கலாம். ஏசி பைப் எந்த வழியாக வெளியே போகிறது, பாத்ரூம் தளம் எவ்வளவு இறங்குகிறது, மார்பிள் போட்ட பிறகு படிக்கட்டின் முதல் படி எவ்வளவு உயரம் நிற்கும், கண்ணாடி ஃபிரேம் எந்த மட்டத்தில் உட்காருகிறது என்பதெல்லாம் படத்தில் வராது. அதற்கென்று தனித்தனி ட்ராயிங் இருக்க வேண்டும். டிசைனர், பீம், கம்பிக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பில்டர் மூவரும் அதைப் பார்த்து, 'இதைக் கட்டலாம்' என்று கையெழுத்தும் தேதியும் போட்ட பிறகுதான் கம்பி கட்டவே ஆரம்பிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பிளான், ஒரு ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங், நாற்பது கலர் படங்கள்.

முதல் அடி கண்ணாடியில் விழுந்தது. ஹாலின் கண்ணாடி வர வேண்டிய இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு பீம் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, ஸ்ட்ரக்சுரல் ட்ராயிங்கில் அப்படித்தான் இருக்கிறது என்றார் பில்டர். "கண்ணாடியை பீமுக்குக் கீழே நிறுத்திக்கலாம் அக்கா, இன்னும் நல்லா இருக்கும்" என்றார் டிசைனர். சரி என்றேன். அப்புறம் ஏசி பைப் போக வழியில்லை என்று அதே பீமில் துளை போட்டார்கள். காங்கிரீட் போடுவதற்கு முன்பே ஒரு பைப் துண்டை உள்ளே வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. இறுகிய பீமைக் குடைந்தபோது கம்பி ஒன்று அறுபட்டது. அதையும் பூசி மூடிவிட்டார்கள். போட்டோ என்னிடம் இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். பால்கனிதான் பெரிய விஷயம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டது நாலடி வெளியே நீட்டும் பால்கனிக்கு. பிறகு டிசைனர் எலிவேஷனை, அதாவது வீட்டின் முகப்புத் தோற்றத்தை, மாற்றியபோது, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அதை ஆறடி ஆக்கியிருக்கிறார். மாற்றிய படம் பில்டருக்குப் போனது, எங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு மட்டும் போகவில்லை. பில்டர் நீளத்தைப் புதுப் படத்தில் பார்த்தார், கம்பிக் கணக்கைப் பழைய ட்ராயிங்கில் எடுத்தார். இரண்டு அடிதானே என்று நினைக்காதீர்கள். நீளம் ஒன்றரை மடங்கு ஆனால், ஸ்லாபின், அதாவது காங்கிரீட் தளத்தின், சொந்த எடையாலேயே சுவரோரத்தில் வரும் இழுப்பு இரண்டே கால் மடங்காகிவிடும் என்று பின்னால் வந்த இன்ஜினியர் எனக்கு உட்கார்ந்து விளக்கினார்.

ரூஃப் காங்கிரீட் போட்ட அன்றைக்கு லீவு போட்டுவிட்டு சைட்டில் நின்றேன். கம்பி கட்டின பெரிய மேஸ்திரி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பால்கனி ஓரத்தில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "ம்மா, இங்க பாருங்க. மேல் கம்பி கீழ போயிட்டுது. இவங்க மிதிச்சுக்கிட்டே போறாங்க, சேர் வைக்கல."

எனக்குப் புரியவில்லை. அவரே காட்டினார். தன் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையில் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு, "எங்க வலிக்கும்? தோள்ல, மேல்பக்கம்தானே. பால்கனியும் அப்படித்தான். வெளிய நீட்டுற ஸ்லாபுக்குப் பெரிய கம்பி மேல இருக்கணும். கீழ போயிட்டா அது சும்மா கெடக்குற கம்பி" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டி சுமக்கிற ஆட்கள் கம்பி மேலேயே நடந்து போக, அது அமுங்கிக் கீழே இறங்கிக் கிடந்தது. மேல் கம்பி அமுங்காமல் தாங்கிப்பிடிக்க நாற்காலி மாதிரி வளைத்து வைக்கும் கம்பித் துண்டுக்குத்தான் சேர் என்று பெயர். பால்கனி முழுக்கத் தேடியும் இரண்டே இரண்டு இருந்தன.

பில்டரிடம் ஓடினேன். "மேடம், டிசைனர் சார் காலையிலயே பார்த்துட்டு ஓகே சொல்லிட்டாரு" என்றார். டிசைனருக்கு போன் செய்தேன். "அது பில்டர் ஸ்கோப் அக்கா, அவர் அனுபவசாலி, பாத்துக்குவார்" என்றார். அடுத்த நிமிடம் என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். நான் சைட்டில் வேலையை நிறுத்துகிறேன் என்று அதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது. மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. நான் நகர்ந்துவிட்டேன். அன்றைக்கு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். பாதி காங்கிரீட் வீணாகியிருந்தால் அதிகபட்சம் முப்பதாயிரம் போயிருக்கும்.

முட்டு பிரித்த பத்தாவது நாள், பால்கனி சுவரோடு சேரும் இடத்தில், தளத்தின் மேல்பக்கம், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல். வெளி நுனி முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. ரசமட்டம் வைத்து நானே பார்த்தேன். பூச்சில் சரியாகிவிடும் என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சேலத்திலிருந்து, இவர்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் கம்பி தேடும் கருவியை வைத்துப் பார்த்தார். ஆறு அங்குல ஸ்லாபில், மேலிருந்து ஓர் அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி ஏறக்குறைய நடுவில் கிடந்தது. அடியிலிருந்து கம்பி வரை ஐந்து அங்குலம் வேலை செய்ய வேண்டிய இடத்தில் மூன்று அங்குலம்தான் வேலை செய்கிறது என்றார். பால்கனியில் யாரும் ஏற வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். இப்போது அதன் கீழே இரண்டு இரும்புத் தூண் நிற்கிறது. அந்த வேலைக்கு மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம்.

சண்டை முற்றிய நாளில்தான் உண்மை வெளியே வந்தது. நான் டிசைனரை நம்பித்தான் பில்டருக்கு ஒவ்வொரு ஸ்டேஜ் பணமும் கொடுத்தேன் என்று கத்தினேன். பில்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவருக்கு ஒவ்வொரு பில்லுக்கும் அஞ்சு பர்சன்ட் நான் கொடுத்திருக்கேன் மேடம், அவரு என்ன சும்மாவா செக் பண்ணாரு?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

எங்களிடம் 4 லட்சம், பில்டரிடமிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம். யாருக்காக அவர் வேலை பார்த்தார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைக் கல்லிலும் இதே கதை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிறது. பர்கூர் பக்கம் போனால் வழிநெடுக கல் அறுக்கும் பட்டறைகள். ஆனால் டிசைனர் எங்களை பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஒரு ஷோரூமில் கறுப்புக் கல் எடுக்க வைத்தார். பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம ஊர் கல்லு, இங்க இருந்து போனதுதான்" என்றான். சதுர அடிக்கு 130 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறோம்.

டிசைனர் விசிட்டிங் கார்டில் ஆர்க்கிடெக்ட் என்று போட்டிருந்தார். அவர் பதிவு செய்த ஆர்க்கிடெக்ட் இல்லை. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் சிஏ என்று தொடங்கி, வருடமும் ஒரு எண்ணுமாக இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பேரைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு செய்தவர்களுக்கு 1989இல் வந்த நடத்தை விதிகள் இருக்கின்றன. வேலை பிடித்துத் தருவதற்குக் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று அதில் இருக்கிறது, மீறினால் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். பதிவே இல்லாதவர் மீது அங்கே போய் என்ன சொல்வது?

பில்டரும் டிசைனரும் சேர்ந்து வேலை செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தர்மபுரியில் என் நாத்தனார் வீடும் இதே சமயத்தில்தான் எழும்பியது. அங்கே ஆர்க்கிடெக்ட் வேறு, பில்டர் வேறு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு நாத்தனாரே நேரடியாகப் பணம் கொடுத்தார். கடைக்கால் தோண்டும் முன்பே பில்டரைக் கூப்பிட்டு ஆர்க்கிடெக்ட்டுடன் உட்கார வைத்தார்கள். நான் ஒரு நாள் போயிருந்தேன். படிக்கட்டு பற்றி இருவரும் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். இந்த மார்பிளுக்கு அடியில் கலவையோடு சேர்த்து மூன்று அங்குலம் வேண்டும், உங்கள் ட்ராயிங்கில் ஒன்றரைதான் விட்டிருக்கிறீர்கள், முதல் படி குள்ளமாகிவிடும் என்று பில்டர் சொல்ல, ஆர்க்கிடெக்ட் அங்கேயே பென்சிலால் திருத்தினார். என்ன பேசினார்கள் என்பதை நாத்தனார் மகள் நோட்டில் எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கினாள். வாராவாரம் இப்படி. எனக்கு அன்றைக்கு, இவ்வளவு சண்டையா, பாவம் என்று தோன்றியது. அந்தச் சண்டையெல்லாம் பேப்பரிலேயே முடிந்துபோனது. அவர்கள் வீட்டில் இடித்துக் கட்டியது எதுவும் இல்லை.

உங்களிடமும் 'நாங்க ஒரே டீம்' என்று வந்தால், டிசைனருக்கு உங்களைத் தவிர வேறு யாரும் பணம் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கம்பியைச் சரிபார்க்க வருபவருக்கு நீங்களே காசு கொடுங்கள், ஒரு தடவைக்கு சில ஆயிரம்தான் ஆகும். படம் மாறினால் அது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குப் போய், அவர் கையெழுத்தோடு திரும்பி வரும் வரை பில்டருக்குப் பணம் விடாதீர்கள். பாத்ரூம் தளத்தில் டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யவில்லை. மொட்டைமாடியிலும் அதே அலட்சியம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்ததே, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த ராத்திரி ஹாலின் ஃபால்ஸ் சீலிங் ஊறி, விடியற்காலை சோபா மேல் இடிந்து விழுந்தது.

எங்கள் ஒப்பந்தம் நூறு ரூபாய் பத்திரத்தில் இரண்டே பக்கம். ட்ராயிங் எதுவும் அதோடு இணைக்கப்படவில்லை. இதனால் எப்படிப்பட்ட வீட்டைக் கட்டித் தரப் பேசினோம் என்று நிரூபிக்கவே திணறுகிறோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் புகார் செய்யலாமே என்று பலர் கேட்டார்கள். சொந்த நிலத்தில் நமக்காகவே ஆள் வைத்துக் கட்டும் தனி வீட்டுக்கு அது பொருந்தாது. நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். நீங்கள் கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பேசிச் சரிசெய்கிறோம் என்று அவர்கள் இழுத்தடித்ததில் எங்களுக்கு ஒன்றே கால் வருடம் போய்விட்டது.

பெரிய மேஸ்திரியைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். தேவைப்பட்டால் சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. அந்த டிசைனர் இப்போதும் எங்கள் வீட்டுப் போட்டோவைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறார். தூண் வைப்பதற்கு முன் எடுத்த போட்டோ அது. வெள்ளை வீடு, அந்தரத்தில் நிற்கும் பால்கனி, இடது பக்கம் ஒரு மாமரம். யாராவது உங்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால், வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். கேட்டைத் திறந்து, பால்கனிக்குக் கீழே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுகிறேன்.